உசாத்துணையில் பிழை இருந்தால் சஞ்சிகையின் தாக்கக் காரணி குறையுமா?

மண்முனை வாசகி, மட்டக்களப்பு

அனைவருக்கும் வணக்கம். சமுதாய மருத்துவத்தில் பட்டப்பின் ஆய்வொன்றைச் செய்து வருகிறேன். எனது தலைப்பு மெலியோய்டோசிஸ். வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பற்றீரியாவால் வரும் இந்த நோயை, மாரி வெள்ளம் வடிந்த பின்னர் படுவான்கரைப் பக்கத்து விவசாயிகளிடத்தில் தேட வேண்டியிருப்பதால் அதைத் தெரிந்தெடுத்தேன்.

இலக்கிய மீளாய்வு அத்தியாயத்துக்கு 41 உசாத்துணைகளைச் சேர்த்திருந்தேன். அவற்றில் பெரும்பாலானவற்றை நான் நேரடியாக வாசித்திருக்கவில்லை. வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றில் வந்த பெரிய மீளாய்வுக் கட்டுரையிலிருந்து அவற்றை எடுத்துக்கொண்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பின்னர் மனம் கேளாமல், மூலக்கட்டுரை கைக்கு எட்டிய 30 உசாத்துணைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆறில் ஆண்டோ, தொகுதி இலக்கமோ, பக்க இலக்கமோ பிழையாக இருந்தது. அதைவிட என்னைத் துணுக்குறச் செய்தது வேறொன்று. ஒரு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட காய்ச்சல் நோயாளர்களிடத்தில் கண்ட வீதத்தை, அந்தப் பிரதேசத்துச் சனத்தொகை முழுவதற்கும் உரிய வீதம் போல அந்த மீளாய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறது. அதை அப்படியே நம்பி எனது மாதிரி அளவைக் கணித்திருந்தால் முழு ஆய்வும் கோணலாகப் போயிருக்கும்.

இதை ஒரு மூத்தவரிடம் சொன்னபோது, "நல்ல தாக்கக் காரணி உள்ள சஞ்சிகை அது, அவர்கள் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள், நீங்கள் வாசித்ததில்தான் தவறு இருக்கும்" என்றார். ஆகவே மூன்று கேள்விகள். இத்தகைய பிழைகள் வழமையானவைதானா? அவை சஞ்சிகையின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, பாதிக்குமா, அல்லது தாக்கக் காரணி உயர்ந்திருந்தால் பிழை குறைவு என்று கொள்ளலாமா? எனது நிலையில் இருப்பவர் என்ன செய்வது முறை?

ஓய்வுபெற்ற வைத்தியர், கல்முனை

அன்புள்ள மகள், நீங்கள் வாசித்ததில் தவறு இல்லை என்றே நினைக்கிறேன். முதலாவது கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். கணக்கு வழக்குகளைத் தெரிந்தவர்கள் மற்றையதைச் சொல்லட்டும்.

நீங்கள் கண்டவை இரண்டு வேறு பிழைகள். ஆண்டும் பக்கமும் தவறுவது முகவரிப் பிழை. கடிதம் போய்ச் சேராது, அவ்வளவுதான். மூலக்கட்டுரை சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது பொருட்பிழை. கடிதம் சரியான வீட்டுக்குப் போகும், ஆனால் உள்ளே இருப்பது வேறொருவரின் செய்தி. 1985 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த ஆய்வொன்று, ஆறு மருத்துவச் சஞ்சிகைகளின் 1984 ஜனவரி இதழ்களை எடுத்துப் பார்த்தது. உசாத்துணைகளில் 24 சதவீதத்தில் முகவரிப் பிழை இருந்தது. 15 சதவீதத்தில் மூல ஆசிரியர் தவறாக மேற்கோள் காட்டப்பட்டிருந்தார், அவற்றில் பெரும்பாலானவை வாசகரைத் தவறான வழியில் கொண்டு போகக்கூடியவை. அது தட்டச்சு இயந்திரக் காலம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2015 இல் பியர்ஜே சஞ்சிகையில் ஜெர்காஸ், பேத்கே என்ற இருவர் இத்தகைய 28 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மருத்துவக் கட்டுரைகளின் மேற்கோள்களில் ஏறத்தாழ 25 சதவீதம் பிழையானவை என்றும், ஏறத்தாழ 12 சதவீதம் பாரதூரமானவை என்றும் கண்டார்கள். உங்கள் 30 இல் பொருட்பிழை ஒன்று மட்டும் அகப்பட்டது உங்கள் அதிர்ஷ்டம். இன்னொரு முறை பாருங்கள்.

வைத்தியசாலை நோயாளர் பற்றிய விடயம் பொதுமக்களுக்கு உரியதாக மாறிய கதை உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மருத்துவ உலகில் மிகப் பெரிய விலை கொடுக்கப்பட்ட மேற்கோள் பிழையும் அதே வகையைச் சேர்ந்தது. 1980 இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வந்தது. வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தபோது வலி நீக்கும் போதை மருந்து பெற்ற 11,882 நோயாளரில், முன்னர் அடிமைத்தன வரலாறு இல்லாதவர்களிடத்தில் நான்கு பேரே அடிமையானதாகப் பதிவாகியிருந்தது என்பதே அதன் செய்தி. வைத்தியசாலைக் கட்டிலில், தாதியின் கண் முன்னால் கொடுக்கப்பட்ட மருந்து அது. வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரையைப் பற்றி அந்தக் கடிதம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2017 இல் அதே சஞ்சிகையில் ஒரு குழு, அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளை எடுத்து வாசித்தது. 439 கட்டுரைகள், அதாவது 72 சதவீதம், ஓபியொயிட் எனப்படும் இவ்வகை மருந்துகளால் அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியிருந்தன. 491 கட்டுரைகள் அந்த நோயாளர் வைத்தியசாலையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. வட அமெரிக்காவின் ஓபியொயிட் நெருக்கடிக்கு வேறு பல காரணங்களும் உண்டு; ஆனால் வைத்தியர்களின் அச்சத்தைப் போக்கியதில் இந்த மேற்கோள் சங்கிலிக்குப் பங்கு உண்டு என்றே அந்தக் குழு எழுதியது. சஞ்சிகை பின்னர் கடிதத்தின் தலைமேல் எச்சரிக்கைக் குறிப்பொன்றை இட்டது. 37 ஆண்டுகள் கழித்து.

வாசிக்காமல் எழுதுவது பழைய பழக்கம். எனது மாணவர்களுக்கு நான் சொல்லி வந்த கதை ஒன்று உண்டு. 1887 இல் பிராக் நகரத்து நோயியலாளர் யாரொஸ்லாவ் ஹ்லாவா, அமீபா வயிற்றுளைவு பற்றிச் செக் மொழியில் கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு 'ஓ ஊப்லவிட்சி', அதாவது 'வயிற்றுளைவு பற்றி'. ஜெர்மன் மொழியில் வந்த சுருக்கமொன்று அந்தத் தலைப்பையே ஆசிரியரின் பெயராக எடுத்துக்கொண்டது. அன்று பிறந்த 'டொக்டர் ஓ. ஊப்லவிட்சி' என்ற ஆள், ஐம்பது ஆண்டுகளாக ஒட்டுண்ணியியல் நூல்களில் ஹ்லாவாவின் இடத்தில் வாழ்ந்தார். 1938 இல் கிளிஃபர்ட் டொபெல் என்ற ஒட்டுண்ணியியலாளர் அவருக்குப் பிறப்பு இறப்பு ஆண்டுகளைத் தலைப்பில் போட்டு ஒரு கட்டுரை எழுதி அடக்கம் செய்தார். செக் மொழி தெரிந்த ஒருவர் மூலக்கட்டுரையின் முதற் பக்கத்தைப் பார்த்திருந்தால் அந்தப் பிழை ஒரு நாள்கூட நின்றிருக்காது.

ஒலுவில் நூலகர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டொக்டர் ஐயா முகவரிப் பிழை, பொருட்பிழை என்று பிரித்தது எனக்கும் வசதியாக இருக்கிறது, ஏனெனில் தாக்கக் காரணி இவ்விரண்டையும் வேறு வேறு விதமாகக் கையாளுகிறது.

தாக்கக் காரணி எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதை முதலில் பார்ப்போம். யூஜின் கார்பீல்ட் 1955 இல் முன்வைத்த மேற்கோள் சுட்டி என்னும் எண்ணத்தில் வேர்கொண்டு, 1975 முதல் ஆண்டுதோறும் வெளிவரும் சஞ்சிகை மேற்கோள் அறிக்கையில் இடம்பெறும் எண் அது; இப்போது கிளாரிவேட் நிறுவனம் அந்த அறிக்கையை வெளியிடுகிறது. 2024 ஆம் ஆண்டுக்கான காரணியை எடுத்தால், அந்தச் சஞ்சிகை 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு 2024 இல் கிடைத்த மேற்கோள்கள் மேலே. அவ்விரு ஆண்டுகளிலும் வெளியான ஆய்வுக் கட்டுரைகள், மீளாய்வுக் கட்டுரைகள் ஆகியவற்றின் எண்ணிக்கை கீழே. மேலுள்ளதைக் கீழுள்ளதால் வகுத்தால் வருவதே காரணி. மேலே எண்ணும்போது ஆசிரியர் தலையங்கத்துக்கும் வாசகர் கடிதத்துக்கும் வந்த மேற்கோள்களும் சேரும். கீழே எண்ணும்போது தலையங்கமும் கடிதமும் சேரா. இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சான்று: 2006 இல் பிளொஸ் மெடிசின் சஞ்சிகை, எவை 'மேற்கோளுக்குரிய' கட்டுரைகள் என்று கொள்ளப்படும் என்பதைப் பொறுத்துத் தனது முதலாவது தாக்கக் காரணி 3 க்குக் கீழிருந்து 11 வரை எங்கும் நிற்கலாம் என்று தானே எழுதியது.

இப்போது பிழைக்கு வருவோம். மேற்கோள் ஒன்று சரியாகச் சொல்லப்பட்டதா, மறுப்பதற்காகக் காட்டப்பட்டதா, வாசிக்காமல் ஒட்டப்பட்டதா என்பது இந்தக் கணக்கில் எங்குமே கேட்கப்படுவதில்லை. டொக்டர் ஐயா சொன்ன அந்த 439 மேற்கோள்களும் மேற்கோள் எண்ணிக்கையில் முழுமையாகவே எண்ணப்படும். தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஒட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 12 பிள்ளைகளை வைத்து 1998 இல் லான்செட்டில் வந்து, 2010 இல் மீளப்பெறப்பட்ட கட்டுரையைப் பின்னர் மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலானோர் அதை மறுப்பதற்காகவே காட்டினார்கள். அந்த மறுப்புகளும் மேற்கோள்களே. ஆகவே பொருட்பிழையால் எந்தச் சஞ்சிகையின் காரணியும் குறைவதில்லை. மேற்கோள் காட்டப்பட்ட சஞ்சிகைக்கு அது வரவு. பிழை விட்ட சஞ்சிகைக்கோ செலவே இல்லை. உங்கள் மூத்தவர் சொன்னது போல உயர்ந்த காரணியை உசாத்துணைச் சரிபார்ப்பின் அத்தாட்சியாகக் கொள்வதற்கு இந்தக் கணக்கில் ஓர் இடமும் இல்லை.

முகவரிப் பிழை சற்றுச் சிக்கலானது. கிளாரிவேட்டின் காரணி சஞ்சிகை மட்டத்தில் எண்ணப்படுகிறது: சஞ்சிகையின் பெயரும் ஆண்டும் அடையாளம் காணப்பட்டால் போதும், தொகுதியோ பக்கமோ தவறியிருந்தாலும் அந்த மேற்கோள் எண்ணிக்கையில் விழும். ஆனால் ஆண்டு ஒன்று பின்னே தள்ளிப் போனால் அது இரண்டாண்டு வேலிக்கு வெளியே போய்விடலாம். 2022 இல் வந்ததை 2021 என்று எழுதிய 2024 ஆம் ஆண்டுக் கட்டுரையால் அந்தச் சஞ்சிகைக்கு ஒரு பயனும் இல்லை. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் தரும் சைட்ஸ்கோர் என்ற அளவு வேறு வகை. அது நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொள்வதோடு, மேற்கோள் குறிப்பிட்ட கட்டுரையின் பதிவோடு இணைக்கப்பட்டால்தான் எண்ணும். அங்கே தொகுதி, பக்கப் பிழைகளும் வலிக்கலாம். தனி ஆசிரியரின் கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் வைத்துக் கணிக்கும் எச் சுட்டெண்ணுக்கும் இதே கதிதான்.

இதில் எங்கள் ஊர்ப் பெயர்களுக்குத் தனி இடர் உண்டு. தமிழ் வழக்கில் தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. ஓர் இடத்தில் 'செல்வராசா' குடும்பப் பெயராகவும் இன்னோர் இடத்தில் 'குமரன்' குடும்பப் பெயராகவும் பதிவாகி, ஒரே ஆள் இருவராகிறார். கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் பெயர்களில் மூன்று முதலெழுத்துகள் சாதாரணம். மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. ஏ.எல்.எம். ஒருவரும் ஏ.எல். ஒருவரும் அங்கே ஒரே ஆளாகிவிடுவார்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாளமாக 2012 இல் தொடங்கிய ஓர்கிட் இலக்கத்தை முதற் கட்டுரைக்கு முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள் என்று என்னிடம் வரும் ஒவ்வொரு மாணவரிடமும் சொல்கிறேன். இலவசம்தான், ஐந்து நிமிட வேலைதான், ஆனால் பத்தில் எட்டுப் பேர் செய்வதில்லை. இது எனது எரிச்சல், கணிப்பு அல்ல.

வெட்டும் கத்தியும், அக்கரைப்பற்று

இரண்டு நீண்ட பதில்களையும் வாசித்தேன். நூலகர் சொன்ன கணக்கு எனக்குப் புதிது, நன்றி. ஆனால் ஒரு நடைமுறைக் கேள்வி. காலை விடுதிச் சுற்று, பின்னர் சத்திரசிகிச்சைக் கூடம், மாலை வெளிநோயாளர் பிரிவு என்று ஓடுகிறவர், 41 மூலக்கட்டுரைகளையும் வரிக்கு வரி வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பாதிக்கு மேற்பட்டவை பணம் கட்டினால்தான் திறக்கும். நாங்கள் ஆய்வுச்சுருக்கத்தை வாசித்துவிட்டு மேற்கோள் காட்டுகிறோம், உண்மை அதுதான். பக்க இலக்கம் 262 ஆ 226 ஆ என்பதில் எந்த நோயாளியும் சாகவில்லை.

ஓய்வுபெற்ற வைத்தியர், கல்முனை

தம்பி, உங்கள் துறையைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டு. 1990 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையான ஜாமாவில் வந்தது. மூன்று சத்திரசிகிச்சைச் சஞ்சிகைகளிலிருந்து ஒவ்வொன்றிலும் 50 ஆக 150 உசாத்துணைகளை எழுமாற்றாக எடுத்துப் பார்த்ததில், 37 பாரதூரமான பொருட்பிழைகள். ஆசிரியர்கள் தங்கள் உசாத்துணைகளைச் சரிபார்ப்பதில்லை, ஒருவேளை வாசிப்பதும் இல்லை என்று எழுதி முடித்தார்கள். பக்க இலக்கத்தால் யாரும் சாகவில்லை என்பது சரி. ஆனால் பக்க இலக்கப் பிழைதான் வாசிக்காதவரைக் காட்டிக்கொடுக்கிறது. சிம்கின், ரொய்சௌத்ரி என்ற இருவர் பௌதிகவியலில் புகழ்பெற்ற 1973 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றுக்கு வந்த ஏறத்தாழ 4,300 மேற்கோள்களை ஆராய்ந்தார்கள். அச்சுப்பிழை உள்ளவை 196. ஆனால் வெவ்வேறு பிழைகள் 45 மட்டுமே. மிச்சமெல்லாம் ஒருவர் விட்ட பிழையை மற்றவர் பிரதி எடுத்தது. அதிலிருந்து கணித்து, மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவரே மூலத்தை வாசித்திருப்பார் என்றார்கள். அந்தக் கணிப்பை முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. மூலத்தை வாசித்துவிட்டு உசாத்துணையை மட்டும் வேறிடத்திலிருந்து பிரதி செய்பவரும் உண்டு. நானே செய்திருக்கிறேன்.

நேரம் இல்லை என்ற முறைப்பாட்டை நான் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே எடையில் பார்க்க வேண்டியதும் இல்லை. உங்கள் வாதம் எந்த எண்ணின் மேல் நிற்கிறதோ, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை மூலக்கட்டுரையின் முறையியல் பகுதியிலும் அட்டவணையிலும் சென்று பாருங்கள். முன்னுரையில் 'இந்நோய் வெப்பவலய நாடுகளில் காணப்படுகிறது' என்பதற்குக் காட்டும் நான்கு உசாத்துணைகளில் மூன்றை வெட்டிவிட்டால் அந்த நேரம் கிடைத்துவிடும். வெட்டுவது உங்களுக்குப் பழக்கமான வேலைதானே.

வெட்டும் கத்தியும், அக்கரைப்பற்று

ஏற்றுக்கொண்டேன், டொக்டர் ஐயா. மூன்றையும் வெட்டிவிடுகிறேன்.

கல்லடிப் பக்கம்

ஒரு சிறிய மருத்துவச் சஞ்சிகையின் பதிப்புக் குழுவுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். பெயர் வேண்டாம். பெரிய சஞ்சிகைகளைப் பற்றி மேலே பேசப்பட்டது. சிறியவற்றின் நிலை வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளில் 50 கட்டுரைகள் வெளியிடும் சஞ்சிகைக்கு அடுத்த ஆண்டில் 30 மேற்கோள்கள் கிடைத்தால் விகிதம் 0.6. அவற்றில் பத்தில் சஞ்சிகையின் பெயர் தவறாகச் சுருக்கப்பட்டோ ஆண்டு பிழைத்தோ போனால் அது 0.4 ஆகிவிடும். ஆயிரக்கணக்கான மேற்கோள் பெறும் லான்செட்டுக்குப் பத்துப் போனால் தெரியவே தெரியாது; இங்கே மூன்றில் ஒன்று போய்விட்டது. இலங்கைச் சஞ்சிகைகளுக்குப் பெயர்க் குழப்பம் கூடவே பிறந்தது. சிலோன் மெடிக்கல் ஜேர்னல் ஒன்று, சிலோன் ஜேர்னல் ஒஃப் மெடிக்கல் சயன்ஸ் இன்னொன்று. சுருக்கி எழுதும்போது ஒன்றின் கட்டுரை மற்றதன் கணக்கில் விழுவதை நான் பலமுறை கண்டு திருத்தியிருக்கிறேன். நாட்டின் பெயர் 1972 இல் மாறியும் சஞ்சிகையின் பெயர் மாறாததால், 'சிலோன்' என்பதை 'ஸ்ரீலங்கா' என்று நல்லெண்ணத்தோடு திருத்தி அனுப்புகிறவர்களும் உண்டு.

மறுபக்கம், ஒரே ஒரு கட்டுரை சஞ்சிகையின் தலையெழுத்தையே மாற்றிவிடவும் கூடும். பளிங்குருவியல் சஞ்சிகையொன்றில் 2008 இல் ஷெல்ட்ரிக் என்பவர் தமது மென்பொருளைப் பற்றி எழுதிய கட்டுரையில், அதைப் பயன்படுத்துவோர் இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அந்தச் சஞ்சிகையின் காரணி 2.051 இலிருந்து மறு ஆண்டு 49.926 க்கு ஏறியது. மற்றக் கட்டுரைகள் அப்படியே இருந்தன. காரணியைப் பார்த்துவிட்டு அங்கே கட்டுரை அனுப்பியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் எழுதிய பிரகடனம், சஞ்சிகையின் காரணியை வைத்துத் தனி மனிதரின் ஆய்வை அளக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது இதனால்தான். நேர்முகத் தேர்வுகளில் இன்னமும் அதைத்தான் கேட்கிறார்கள் என்பது வேறு விடயம்.

உசாத்துணைகளை நாங்கள் எப்படிச் சரிபார்க்கிறோம் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன்: முகவரியை மட்டுமே. கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டி.ஓ.ஐ. இலக்கம் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்ப்போம். திறக்காவிட்டால் ஆசிரியருக்குத் திருப்பி அனுப்புவோம். பொருளை ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு ஆளில்லை. வெளியிடுவதற்கு முன்னர் கட்டுரைகளை மதிப்பிடும் மீளாய்வாளர்கள் சம்பளமின்றிப் பார்க்கிறவர்கள். அவர்களும் உசாத்துணைப் பட்டியலை மேலோட்டமாகவே பார்க்கிறார்கள். 1978 இல் வன்கூவரில் கூடிய பதிப்பாசிரியர்களின் வழிவந்த சர்வதேசக் குழுவின் விதிகளும், உசாத்துணைகளைச் சரிபார்ப்பதும் மீளப்பெறப்பட்ட கட்டுரைகளைத் தவிர்ப்பதும் ஆசிரியரின் பொறுப்பு என்றே சொல்கின்றன. ஆகவே அந்தப் பெரிய சஞ்சிகை 'பார்த்துத்தான் போட்டிருக்கும்' என்பதை நான் நம்ப மாட்டேன். எங்களைவிடப் பணம் அதிகம் அவர்களிடம் இருக்கிறது. மூலத்தை வாசிக்கும் ஆட்கள் அதிகம் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

அண்மைக் காலத்தில் ஒரு புதுத் தொல்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய கட்டுரைகளில் இல்லாத கட்டுரைகள் உசாத்துணையாக வருகின்றன. ஆசிரியர் பெயர்கள் உண்மை, சஞ்சிகையின் பெயர் உண்மை, தலைப்பும் கேட்பதற்கு மிகப் பொருத்தம். அப்படி ஒரு கட்டுரை மட்டும் பிறக்கவே இல்லை. ஆனால் இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டும் கலையை இயந்திரம் கண்டுபிடிக்கவில்லை. எல்செவியர் பதிப்பகம் தனது வழிகாட்டியில் மாதிரிக்காக இட்டிருந்த, வான் டெர் கீர் முதலானோர் 2000 இல் எழுதியதாகச் சொல்லப்படும் கற்பனைக் கட்டுரையொன்றை, மாதிரி வரியை அழிக்க மறந்த ஆசிரியர்கள் ஏறத்தாழ 400 தடவை மேற்கோள் காட்டியிருந்தார்கள் என்று 2017 இல் தெரியவந்தது.

ஒலுவில் நூலகர்

மேலே சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. மீளப்பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளமான ரிட்ராக்ஷன் வொச், 2023 முதல், டி.ஓ.ஐ. இலக்கங்களைப் பதியும் குரொஸ்ரெஃப் அமைப்பின் வழியாக யாவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. உசாத்துணைகளைச் சேகரித்து ஒழுங்குபடுத்தும் சொட்டேரோ என்ற மென்பொருள், உங்கள் சேகரிப்பில் அத்தகைய கட்டுரை இருந்தால் சிவப்புக் கோட்டில் எச்சரிக்கும். அதுவும் இலவசமே. ஆனால் மென்பொருளை நம்பி உறங்கிவிடாதீர்கள். மூலப் பதிவில் பிழை இருந்தால் அது அந்தப் பிழையை அழகாக ஒழுங்குபடுத்திக் கொடுக்கும், அவ்வளவுதான். பணம் கட்டித் திறக்க வேண்டிய கட்டுரைகளுக்கு, வளர்முக நாடுகளுக்கு மருத்துவச் சஞ்சிகைகளைத் திறந்துதரும் ஹினாரி திட்டத்தின் இணைப்பு உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். தம் கட்டுரையை ஒருவர் முழுமையாக வாசிக்க விரும்புகிறார் என்பதே அவர்களுக்குப் புதுமை.

மண்முனை வாசகி, மட்டக்களப்பு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

டொக்டர் ஐயா சொன்னபடி எனது மாதிரி அளவு நிற்கும் எண்களை மட்டும் மீண்டும் மூலத்தில் பார்த்தேன். பொருட்பிழை ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவதை முன்னர் தவறவிட்டதற்குக் காரணம், அதையும் ஆய்வுச்சுருக்கத்தோடு மட்டுமே ஒப்பிட்டிருந்தேன். சுருக்கத்திலேயே எண் ஒருவிதமாகவும் அட்டவணையில் வேறுவிதமாகவும் இருந்தது.

அந்த மீளாய்வுக் கட்டுரை வந்த சஞ்சிகைக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதினேன். கட்டுரை வெளிவந்து குறிப்பிட்ட காலம் கடந்துவிட்டதால் வாசகர் கடிதமாக ஏற்க முடியாது என்றும், ஆசிரியர்களுக்கு நேரடியாக எழுதுமாறும் பதில் வந்தது. ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. எனது ஆய்வேட்டில் அந்த எண்ணை மூலக்கட்டுரையிலிருந்தே எடுத்து, அது அனுமதிக்கப்பட்ட நோயாளருக்கு உரியது என்பதை வாக்கியத்துக்கு உள்ளேயே எழுதிவிட்டேன். மூத்தவரிடமும் இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, தனது பழைய விரிவுரைக் குறிப்பிலும் அதே எண் இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார்.

கடைசியாக, நான் பிறரைக் குற்றம் சொல்லக் கிளம்பியதற்குக் கிடைத்த பரிசு. மெலியோய்டோசிஸ் நோயை முதலில் விவரித்த ரங்கூன் கட்டுரையை நான் 'விட்மோர், 1913' என்று எழுதி, அதற்கு இந்தியன் மெடிக்கல் கசெற் என்று சஞ்சிகையின் பெயரைக் கொடுத்திருந்தேன். தேடிப் பார்த்தால் அவை இரண்டு கட்டுரைகள். கசெற்றில் வந்தது 1912 இல், விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் சேர்ந்து எழுதியது. 1913 இல் ஜேர்னல் ஒஃப் ஹைஜீனில் வந்தது விட்மோர் தனியாக எழுதியது. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து, நடுவில் கிருஷ்ணசுவாமியை நானே காணாமற் போகச் செய்திருக்கிறேன். கசெற் கட்டுரை தொகுதி 47, பக்கம் 262 முதல் 267 வரை. இப்போது திருத்திவிட்டேன்.